வாட்ஸ் கூடினால் சத்தம் கூடுமா?

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கச் செல்லும் பலரும் முதலில் பார்ப்பது பெட்டியில் உள்ள வாட்ஸ் எண்ணைத்தான். 20 வாட்ஸைவிட 40 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம் தரும் என்று எண்ணிக் கூடுதல் பணம் கொடுக்கின்றனர். என்னிடம் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான். உண்மை என்ன என்று பார்ப்போம்.

டெசிபல் கணக்கு

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் குறிப்பிடுகிறோம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இது சற்றுக் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட்ஸ், அதாவது 20-க்குப் பதில் 200 வாட்ஸ் தேவை!

சென்சிடிவிட்டி

1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதே சென்சிடிவிட்டி. 85 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் சத்தத்தை, 88 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்ஸிலேயே தந்துவிடும்.

பி.எம்.பி.ஓ. மாயை

சில பெட்டிகளில் 500 வாட்ஸ், 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருப்பார்கள். இதைக் கணக்கிட ஒரே சீரான விதிமுறை எதுவும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். எண். அதை மட்டும் பாருங்கள்.

நான் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. அடாப்டரில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட்ஸ். உள்ளே வருவதே 24 வாட்ஸ் என்றால் தொடர்ந்து 100 வாட்ஸ் எப்படி வெளியே வரும்? யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். ஆக 2.5 வாட்ஸ்தான்.

கூடுதல் வாட்ஸ் எதற்கு?

பாட்டில் திடீரென வரும் மேள, டிரம்ஸ் ஒலிகளுக்குச் சில கணங்கள் பல மடங்கு சக்தி தேவை. ஆம்ப்ளிஃபயரால் அதைத் தர முடியாதபோது ஒலி கரகரக்கும். அப்படியே தொடர்ந்து ஓடவிட்டால் ட்வீட்டர் பழுதாகலாம். கரகரப்பு கேட்டதும் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

மேசையருகே அமர்ந்து பாட்டுக் கேட்கச் சில வாட்ஸே போதும். 85 டெசிபலுக்கு மேல் தினமும் பல மணி நேரம் கேட்டால் காது கெடும். ஸ்பீக்கரை மாற்றலாம், காதை மாற்ற முடியாது.