சாய்தளம்

2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தில்லியின் குதுப் மினார், ஜந்தர் மந்தர் ஆகிய இடங்களில் மரத்தாலான சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் அவற்றைக் காண விரும்பினார். அவரால் ஒரு படிகூட ஏற இயலாது.

அவர் பிறவியிலேயே அவ்வாறு இருந்தவர் அல்லர். 1942இல் பிறந்த ஹாக்கிங், ஆக்ஸ்போர்டில் பயின்றபோது படகுக் குழுவில் சுக்கான் பிடித்தவர். இறுதியாண்டில் காரணமின்றித் தடுமாறி விழலானார். 1963இல், 21 வயது நிறைந்த சிறிது காலத்தில், அவருக்கு இயக்க நரம்பணு நோய் எனக் கண்டறிந்தனர். மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் இந்நோயால் மெல்ல மெல்லச் செயலிழக்கும். கட்டளை பெறாத தசை மெலியும். இன்னும் ஈராண்டுகளே வாழ்வார் என மருத்துவர் கருதினர். அவரோ மேலும் 55 ஆண்டுகள் வாழ்ந்தார். நோய் அவரிடம் மிக மெதுவாக முற்றியது. அது எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

மெதுவாக முற்றியதால் துன்பம் எளிதாகிவிடவில்லை. இன்று இயன்ற செயல் அடுத்த ஆண்டு இயலாது. கைத்தடி போதாமல் சக்கர நாற்காலி வந்தது. எழுதுகோல் பிடிக்க இயலாதபோது, நீண்ட சமன்பாடுகளை வடிவங்களாக மனத்திலே உருவகித்துச் சிந்திக்கப் பழகினார். 1970 நவம்பரில் ஓரிரவு, படுக்கைக்குச் செல்ல அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் அவர் கருந்துளைகளைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். கருந்துளையின் எல்லைப்பரப்பு குறையாது என்னும் கருத்து அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

1974 வரை தாமே உண்டார். அதன்பின் ஆய்வு மாணவர் ஒருவர் வீட்டிலேயே தங்கி, அவரை எழுப்பவும் படுக்க வைக்கவும் உதவினார். அம்மாணவர் வாடகை தரவேண்டியதில்லை. மனைவி ஜேன், குழந்தைகளை வளர்த்துக் கணவரையும் பேணினார். அவ்வுழைப்பைப் பலர் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர்.

1985இல் கடும் நிமோனியா கண்டது. உயிர்காக்கத் தொண்டையில் துளையிட்டதால் பேச்சு முற்றிலும் போயிற்று. ஒருவர் அட்டையில் எழுத்துகளைச் சுட்டிக்காட்ட, வேண்டிய எழுத்து வந்ததும் ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். பின்னர்க் கணினி வந்தது. கையிலுள்ள விசையை அழுத்தித் திரையில் சொற்களைத் தேர்ந்தெடுத்தார். நிமிடத்திற்குச் சுமார் 15 சொற்கள். கைவிரலும் ஓய்ந்தபின் கன்னத்தின் அசைவே விசையாயிற்று. 1988இல் வெளிவந்த 'காலத்தின் சுருக்கமான வரலாறு' என்னும் நூலை, கைவிசையால் இயக்கிய அக்கணினியைக் கொண்டே எழுதி முடித்திருந்தார்.

தில்லியில் அவருக்காக அமைத்தவை தற்காலிகச் சாய்தளங்களே. அவற்றைக் கோரிய ஜாவேத் ஆபிதியும் சக்கர நாற்காலியில் இயங்கியவர். புகழ்பெற்ற விருந்தினர்க்கு இயன்ற ஏற்பாடு, அந்நகரிலேயே வாழ்வோர்க்கு அதுவரை ஏன் இயலவில்லை என்னும் வினா அப்போது எழுந்தது.

அருஞ்சொற்பொருள்
சாய்தளம் – படிக்கு மாற்றான சரிவான பாதை. பேணுதல் – பாதுகாத்தல். திங்கள் – மாதம்.

பயிற்சி
1. எழுத இயலாத நிலையில் ஹாக்கிங் எவ்வாறு ஆய்வு செய்தார்?
2. 'இன்று இயன்ற செயல் அடுத்த ஆண்டு இயலாது' – இதற்குப் பாடத்திலிருந்து இரு சான்றுகள் தருக.
3. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் உங்கள் பள்ளியில் எந்தெந்த இடங்களுக்குச் செல்ல இயலும்? நேரில் பார்த்து எழுதுக.