கடைசி அத்தியாயம் ஏமாற்றினால்

ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்துப் படித்தாய். கடைசியில் கொலையாளி யாரென்றால், முப்பதாவது அத்தியாயத்தில் முதல்முறையாகத் தலைகாட்டிய ஒரு சித்தப்பா! உன் கோபம் நியாயம்தான், தங்கச்சி. ஆனால் ‘மொக்கை’ என்று சொல்லித் தூக்கிப் போடாதே. எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று தெரிந்தால்தான் அடுத்த புத்தகத்தைப் பார்த்து எடுக்க முடியும்.

முதலில், கொலையாளி அறிமுகமாகும் காட்சியை மட்டும் மறுபடி படி. முடிவு தெரிந்த கண்ணுக்கு ஒரு தடயமாவது சிக்க வேண்டும்: சின்னப் பொய், நேரக் கணக்கில் இடறல், யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பதில். சிக்கினால் எழுத்தாளர் நேர்மையாகத்தான் ஆடியிருக்கிறார். ஒன்றுமே இல்லையென்றால் தப்பு அவர்மேல்தான். துப்பறியும் கதைகள் எழுதிய ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் வகுத்த பத்து விதிகளில் முதலாவதே, குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும் என்பது.

‘பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்’ என்பதும் ஒரு குறைதானா? அவசரப்படாதே. மூன்றில் இரண்டு பங்கு படித்ததும் புத்தகத்தை மூடி, யார்மேல் சந்தேகம், எதனால், எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி வை. காரணத்தோடு பிடித்திருந்தால் அது நல்ல கதை, நீயும் நல்ல வாசகி. ‘இவர் ரொம்ப நல்லவராக இருக்கிறாரே’ என்பது மட்டுமே காரணமென்றால், அது பழகிய ஃபார்முலா. அதன் இரண்டாம் பாகத்துக்குக் காசு செலவழிக்காதே.

காதலும் பள்ளிக்கூடச் சண்டையும் பாதிப் புத்தகத்தை அடைத்துக்கொள்வது இளையோர் நாவல்களின் இயல்பு. அதைக் குற்றமாகப் பார்க்காதே. ஹோலி ஜாக்சன் 2019-ல் எழுதிய ‘எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்’ நாவலிலும் அதெல்லாம் உண்டு. ஆனால் பள்ளி புராஜெக்ட்டுக்காகப் பழைய கொலையைக் கிளறும் பிப், தன் பேட்டிகளையும் குறிப்புகளையும் நம் கையில் கொடுத்துக்கொண்டே போகிறாள்.

மனசு ஆறவில்லையா? பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் லெரூவின் ‘மஞ்சள் அறையின் மர்மம்’ தேடிப் படி. 1907-ல் தொடர்கதையாக வந்தது. உள்ளே தாழிட்ட அறையில் தாக்கப்பட்ட பெண். துப்பறிபவன் 18 வயது நிருபன். வீட்டின் வரைபடத்தைக்கூடக் கொடுத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடி என்கிறார் லெரூ. பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவள் நீ, மூலத்திலேயே முயன்று பார். தமிழில் என்றால் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகள். 1827-ல் தொடங்கிய நம் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் முதலில் கேட்டுவிடு. புது ஆசிரியரைக் காசு கொடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய மர்ம நாவல் கிடைத்தால், பேரம் பேசும் முன் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பக்க எண்களை மட்டும் புரட்டிப் பார். எழுத்தைப் படித்துவிடாதே.