போரில் எதை எண்ணுவது?

போர்ச் செய்தி என்றதும், எதிரியில் எத்தனை பேர் மாண்டார்கள் என்றுதான் கேட்கிறோம். அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: போர் முடியும்போது என்ன நடந்திருக்க வேண்டும்? அந்த முடிவை முதலில் வைத்து, பின்னோக்கித் திட்டமிடுவது ஒரு முறை. எதிரியின் ஆளையும் ஆயுதத்தையும் தேய்த்துக்கொண்டே போவது மற்றொன்று. 1971-ஆம் ஆண்டுப் போரில் இரண்டையும் காணலாம்.

அன்று கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியா வந்திருந்தனர். கரோல் பாக்வாசிகளான நமக்கு அகதியின் துயரம் புதிதல்ல. 1947-க்குப் பின் இங்கே குடியேறிய பஞ்சாபியர் பலர் சொந்த ஊர் திரும்பவே இல்லை. வந்தவர்கள் வீடு திரும்ப வேண்டும். இதுவே 1971-இல் வேண்டிய முடிவு.

பாகிஸ்தான் தளபதி நியாஜி எல்லையோர ஊர்களை அரண்களாக்கிக் காத்திருந்தார். ரயில் நிலையமுள்ள ஹிலியில் நம் படை நவம்பரில் நேருக்கு நேர் மோதியது. உயிர்ச்சேதம் கடுமை, ஊரோ டிசம்பர் 11 வரை பணியவில்லை.

பிற முனைகளில் பல அரண்களைச் சுற்றிக்கொண்டு நம் துருப்புகள் டாக்காவை நோக்கி விரைந்தன. ஆஷுகஞ்சில் மேக்னா நதியின் ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்தது. என் போன்ற ரயில்வே பொறியாளன், பாலத்தைச் செப்பனிட எத்தனை நாளாகும் என்றுதான் கணக்குப் போடுவான். ஜெனரல் சகத் சிங்குக்குத் தேவை பாலம் அல்ல, அக்கரை. ஹெலிகாப்டர்களில் வீரர்களை அங்கே இறக்கினார்.

டிசம்பர் 11-இல் டாங்காயில் குதித்த பாராசூட் படை, டாக்காவுக்குப் பின்வாங்கியோரின் வழியை மறித்தது. 14-இல் மிக் விமானங்கள் ஆளுநர் மாளிகையைத் தாக்க, ஆளுநர் மாலிக் பதவி விலகினார். 16-இல் சரணாகதி. மைனாமதி போன்ற அரண்கள் அதுவரை விழவே இல்லை. விழ வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அகதிகளில் பெரும்பாலோர் 1972 தொடக்கத்திலேயே வீடு திரும்பினர்.

டாக்காதான் குறி என்று ஆரம்பத்திலேயே முடிவானதா என்பதில் தளபதிகளே பின்னாளில் மாறுபட்டனர். ஆயினும் களம் கற்பித்த பாடம் தெளிவு.

மாறாக, 1987-இல் அதே ராணுவம் அமைதிப்படையாக இலங்கை சென்றது. ஒப்பந்தத்தைக் காக்கப் போனவர்கள், சில மாதங்களிலேயே விடுதலைப் புலிகளோடு போரிட நேர்ந்தது. வீரத்தில் குறைவில்லை. எது நடந்தால் திரும்பலாம் என்பதுதான் தெளிவாக இல்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்திருந்தோம். அங்கே தமிழ்ப் பொதுமக்களும் பலர் மாண்டனர்.

பிள்ளைகளுக்குப் போர் வரலாறு சொல்லும் பெற்றோர், வீழ்ந்தவர்களின் கணக்கோடு நிறுத்திவிட வேண்டாம். எதற்காகப் போனார்கள், அது கிடைத்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.