படச்சுருளைத் தேடி

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிறது. அதற்கு வடக்கே, சாளுவன்குப்பத்தில் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் வெளிப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு அகழ்ந்தபோது, மணலுள் புதைந்திருந்த முருகன் கோயில் வெளிப்பட்டது. பல்லவர் காலக் கட்டுமானத்தின் அடியில் அதனினும் பழைமையான செங்கல் கட்டுமானம் இருந்தது. கல்லும் செங்கல்லும் புதையுண்டாலும் காத்திருக்கும். அதே கடற்கரைக் காற்றில் ஒரு திரைப்படச்சுருளை வைத்தால் அது ஒரு தலைமுறைக்கேனும் தாங்குமா என்பது ஐயமே.

இதற்குக் காரணம் சுருளின் வேதியியலில் உள்ளது. 1950களின் தொடக்கம்வரை திரைப்படங்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆன சுருள்களில் பதிவாயின. அப்பொருள் எளிதில் தீப்பற்றும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால், நீருள் அமிழ்த்தினாலும் அணையாது. பின்னர் வந்த அசிட்டேட் சுருள் அத்துணைத் தீ அச்சம் தருவதன்று. ஆயினும், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் சுருங்கும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி வீசினால் சிதைவு தொடங்கிவிட்டது என அறியலாம். செங்கல்பட்டுப் பகுதியின் சிற்றூர்களில் டெண்டுக் கொட்டகைதோறும் பயணம் செய்த சுருள்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. வெயிலும் புழுக்கமும் புழுதியும் அவற்றின் நாளைக் குறைத்தன.

இயற்கையைவிட மனிதர் செய்த அழிவும் சிறிதன்று. கருப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஓடி முடிந்த படங்களை எடைக்கு வாங்கி, கழுவி, வெள்ளியைப் பிரித்தெடுத்தனர். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இன்று இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படமும் இல்லை. 1933இல் உருவான ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப்படம் மட்டும் விந்தையான முறையில் தப்பியது. நாவலின் பதிப்புரிமை குறித்து எழுந்த வழக்கினால் படம் திரையரங்குகளில் நெடுநாள் ஓடாமல், பதிப்பகத்தாரிடமே பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஓடியிருந்தால் தேய்ந்திருக்கும், முடங்கியதால் பிழைத்தது. 1964இல் புனேயில் தொடங்கப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பின்னர் அதனைப் பெற்றுக்கொண்டது. அக்காப்பகத்தை வளர்த்த பி.கே. நாயர், நாட்டின் மூலைமுடுக்குகளில் தேடிச் சேர்த்த படங்கள் பல. எனினும், 2003இல் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் எரிந்தன. காப்பகத்தில் சேர்ந்துவிட்டாலே படம் காக்கப்பட்டதாகக் கருதுவதற்கில்லை.

தமிழர் ஒருவர் எடுத்த படம் ஒன்றின் வரலாறு இவை அனைத்தையும் தன்னகத்தே கொண்டது. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பெரும்பொருளோ அரசின் ஆதரவோ அவரிடம் இல்லை. காந்தியடிகளைப் பலர் பல காலங்களில் படமெடுத்திருந்தனர். ஆனால் அப்படங்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா எனச் சுற்றியலைந்து அவர் அவற்றைத் திரட்டினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடிப் படத்தைச் சேர்த்து, 12,000 அடியாகத் தொகுத்தார். திரையில் அது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடும். கண்டெடுத்தவற்றைத் தொகுத்தே ஒரு படம் ஆக்கியமையால், அவரைத் தமிழகத்தின் முதல் திரைப்பட ஆவணக் காப்பாளர் என்றும் சொல்லலாம்.

1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழ் விளக்கவுரையுடன் படம் வெளியாயிற்று. தெலுங்கு வடிவமும் வந்தது. போர்க்காலம், ஆட்சியோ ஆங்கிலேயருடையது. படம் நெடுநாள் ஓட வழியில்லாமற் போயிற்று. 1947 ஆகஸ்டில் இந்தி விளக்கவுரையுடன் தில்லியில் காட்டப்பெற்றது; 1953இல் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளிவந்தது. பிறகு படம் கண்ணிலிருந்து மறைந்தது. தன்னை முன்னிறுத்தாத இயல்பினரான செட்டியார், படம் எடுத்த பட்டறிவைத் தாம் நடத்திய ‘குமரிமலர்’ இதழில் எழுதினார். அக்கட்டுரைகளை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகப் பதிப்பித்த வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி, படத்தையும் தேடினார். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதன் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் கிடைத்தது. சென்னையில் பிறந்த படத்தைக் காண, கடல் கடந்து தேட வேண்டியதாயிற்று.

கிடைத்த சுருளை உடனே ஓட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கவேண்டும் என்பார் இத்துறையினர். காய்ந்து சுருங்கிய சுருள் கருவியின் பற்களில் சிக்கிக் கிழியும். முதலில் கையால் மெல்லப் பிரித்து, துளைகளின் கிழிசல்களை ஒட்டி, தூசு நீக்கி, சட்டம் சட்டமாக எண்மப்படி எடுப்பர். 2017இல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சென்னையில் நடத்திய பயிலரங்கில் இக்கைத்திறனும் கற்பிக்கப்பட்டது. எண்மப்படி எடுத்தபின்னும் மூலச்சுருளை எறிவதில்லை. குளிர்ந்த, ஈரமற்ற அறையில் வைப்பர். கணினிக் கோப்பின் வடிவங்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறிக்கொண்டே இருக்க, சுருளை ஒளியிற் பிடித்தால் உருவம் தெரியும்.

செட்டியாரின் படத்தினது முழுமையான தமிழ் வடிவம் இதுவரை கிட்டவில்லை. 1940இல் அப்படத்தைக் காட்டிய கொட்டகைக்காரரின் பரணிலோ, பெயர்ச்சீட்டு உதிர்ந்த ஏதேனும் ஒரு தகரப்பெட்டியிலோ அது இருக்கக்கூடும்.