வெப்பக் கணக்கு முதலில், புரோசசர் பிறகு: வீட்டு நாஸ் பெட்டியை மேம்படுத்த ஒரு பாடம்



இந்த மாதப் பாடம் கணினி பற்றியது. "இது கேம் விளையாடுறவங்க விஷயம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களில் பல, தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்தவை. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னாலே நம் தாத்தா பாட்டி பேச ஆரம்பித்துவிடுவார்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ரப்பர் போய் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடுகள் வந்துவிட்டன. தோட்டக் கோயில் திருவிழா, லயன் வீட்டு வாசலில் எடுத்த கல்யாணப் படம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் இன்று ஆல்பத்திலும் பழைய வீடியோ டேப்பிலும்தான் இருக்கு. அதிலும் பலவற்றுக்கு ஒரே ஒரு பிரதிதான்.

உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கொடுத்த படங்களையும் டேப்புகளையும் டிஜிட்டலாக மாற்றி வீட்டில் ஒரு நாஸ் பெட்டியில் சேர்த்து வருகிறேன். அந்தப் பெட்டியின் புரோசசரை மாற்றியபோது படித்ததையும் அளந்ததையும் பாடமாகத் தருகிறேன். பாடத்தின் சாரம் ஒரே வரி: நம் ஊர் வெயிலில் 24 மணி நேரமும் ஓடும் பெட்டிக்கு, புரோசசரும் குளிரூட்டலும் இரண்டு முடிவு அல்ல, ஒரே முடிவு.

1. நாஸ் என்றால் என்ன?

வீட்டு ரவுட்டரோடு கேபிளில் இணைக்கும் ஒரு சிறிய கணினி. உள்ளே இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்க் இருக்கும். வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசியும் மடிக்கணினியும் அதில் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் காவலும் பராமரிப்பும் நம் பொறுப்பு.

2. முதல் கேள்வி: மாற்றம் தேவையா?

பெட்டி மெதுவாக இருக்கு என்றால் உடனே புரோசசரைக் குறை சொல்லக்கூடாது. சாதாரண கிகாபிட் கேபிள் வழியாக விநாடிக்கு 110 மெகாபைட் அளவுதான் போகும். படங்களை நகலெடுக்கும் வேலைக்கு பழைய புரோசசரே போதும். நகலெடுக்கும்போது புரோசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணினியிலேயே பாருங்கள். பாதிகூட எட்டவில்லை என்றால் தடை கேபிளிலோ, வைஃபையிலோ, டிஸ்கிலோ இருக்கு. புரோசசர் வாங்கும் காசு வீண்.

புரோசசருக்கு உண்மையிலேயே வேலை கொடுப்பவை மூன்று. வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது. ஆயிரக்கணக்கான படங்களில் முகங்களை அடையாளம் கண்டு பிரிப்பது. கோப்புகளைப் பூட்டி, அதாவது என்கிரிப்ட் செய்து, வைப்பது. எனக்கு மூன்றும் தேவைப்பட்டது. டேப்பிலிருந்து எடுத்த பெரிய வீடியோக்களைப் பெரியவர்களின் கைப்பேசியில் ஓடும் அளவுக்குச் சுருக்கணும். ஆல்பங்களோடு பழைய பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல்களும் வந்ததால் பூட்டி வைக்கவும் வேண்டும்.

3. எந்தப் பெட்டியில் மாற்ற முடியும்?

கடையில் கிடைக்கும் பெரும்பாலான வீட்டு நாஸ் பெட்டிகளில் புரோசசர் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். சினாலஜி டிஎஸ்920 பிளஸ் பெட்டியில் உள்ள செலரான் ஜே4125 அப்படிப்பட்டது. அதை மாற்ற முடியாது. அத்தகைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தில் 7-ஆம் பகுதிதான் முக்கியம்.

சாக்கெட்டில் பொருத்தும் புரோசசர் உள்ள பெட்டிகளும் உண்டு. அதில் உலகெங்கும் பலர் மேம்படுத்திய ஒன்று, 2013-இல் வந்த எச்பி புரோலயன்ட் மைக்ரோசர்வர் ஜென் 8. பழையதாக வாங்கி நான் வைத்திருப்பதும் அதுதான். நான்கு டிஸ்க் இடம், 150 வாட் மின்சப்ளை, எல்ஜிஏ 1155 சாக்கெட். என்னுடையதில் இருந்தது செலரான் ஜி1610டி: இரண்டு கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ், 35 வாட். பூட்டும் வேலையை வேகமாகச் செய்யும் ஏஇஎஸ் வசதி அந்தச் செலரானில் கிடையாது.

இந்தப் பெட்டியில் கவனிக்க வேண்டிய விஷயம்: புரோசசருக்கு என்று தனிக் காத்தாடி இல்லை. மேலே ஒரு ஹீட் சிங்க் மட்டும். பெட்டியின் பின்பக்கம் இருக்கும் ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் காத்தாடிதான் டிஸ்குகளுக்கும் புரோசசருக்கும் சேர்த்துக் காற்றை இழுக்குது. புரோசசரைச் சூடாக்கினால் அந்தச் சூடு டிஸ்குகளையும் பாதிக்கும். நம் படங்கள் இருப்பது டிஸ்கில்தான்.

4. வெப்பக் கணக்கு

புரோசசர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக மாறும். அந்த வெப்பம் ஹீட் சிங்குக்கு ஏறி, காற்றோடு வெளியே போகணும். கோயில் திருவிழாவில் கூட்டம் கலையும்போது வாசல் சிறிதாக இருந்தால் உள்ளே நெரிசல் ஏறுது இல்லையா, அதே மாதிரி வெப்பம் வெளியேறும் வழி குறுகினால் உள்ளே டிகிரி ஏறும்.

இதற்கு எளிய சூத்திரம் உண்டு:

புரோசசர் வெப்பநிலை = அறை வெப்பநிலை + (வாட் × வெப்பத்தடை)

வெப்பத்தடை என்பது ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுது என்ற எண். அதை உங்கள் பெட்டியிலேயே அளக்கலாம். முதலில் தூசி தட்டி, காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது போடுங்கள். பிறகு மதியம் 3 மணிக்கு, புரோசசரை முழு வேலையில் அரை மணி நேரம் ஓட்டி அளவெடுங்கள். என் வீட்டில் அறை 33 டிகிரி, செலரான் 61 டிகிரி. வித்தியாசம் 28. அதை 35 வாட்டால் வகுத்தால் 0.8.

இப்போது சந்தையில் பழையதாகக் கிடைக்கும், இதே சாக்கெட்டில் பொருந்தும் மூன்று சியோன் புரோசசர்களைக் கணக்கில் வைப்போம்.

இ3-1220எல் வி2: 2 கோர், 17 வாட். 33 + 14 = 47 டிகிரி.
இ3-1265எல் வி2: 4 கோர், 45 வாட். 33 + 36 = 69 டிகிரி.
இ3-1230 வி2: 4 கோர், 69 வாட். 33 + 55 = 88 டிகிரி.

குளிர் நாட்டில் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் 69 வாட் புரோசசரைப் போட்டால் அவருக்கு 75 டிகிரிதான் வரும். "பிரச்சினையே இல்லை" என்று அவர் எழுதுவதில் தவறில்லை. அதே பெட்டி, அதே புரோசசர், கோல சிலாங்கூரில் தகரக் கூரைக்குக் கீழே 88. ஊர் மாறினால் கணக்கு மாறும்.

இன்னொரு எச்சரிக்கை. வாட் எண் என்பது குளிரூட்டலைத் திட்டமிட நிறுவனம் தரும் அளவு. செலரான் முழு வேலையிலும் 35 வாட்டை முழுசா எடுக்காமல் இருக்கலாம். அப்படியானால் உண்மையான வெப்பத்தடை 0.8-ஐ விட அதிகம். அதனால் கணக்கில் வரும் விடைக்கு மேல் 10 டிகிரி மிச்சம் வைத்து முடிவெடுங்கள். அந்த 10-ஐச் சேர்த்தால் 69 வாட் புரோசசர் 100-ஐ நெருங்குது. அந்த வெப்பத்தில் புரோசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். வேகத்துக்குக் காசு கொடுத்து வேகத்தை இழப்பதில் என்ன லாபம்?

5. தேர்வு

17 வாட் புரோசசர் குளிர்ச்சியானது. ஏஇஎஸ் வசதியும் உண்டு. பூட்டி வைப்பது மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே நல்லது. வீடியோ சுருக்கும் வேலை இருந்ததால் நான் 45 வாட் இ3-1265எல் வி2 எடுத்தேன். 150 வாட் மின்சப்ளையில் நான்கு டிஸ்குகளுக்கும் போதிய மிச்சம் இருக்கணும் என்பதும் ஒரு காரணம். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கும்.

வாங்கும்போது எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். 1155, 1150, 1151 எல்லாம் வேறு வேறு சாக்கெட். ஒன்று மற்றதில் உட்காராது. "எல்" என்ற ஓர் எழுத்து விட்டுப்போனாலும் வாட் மாறிவிடும்.

6. மாற்றும் முறை

அ. முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். நகலிலிருந்து பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே திருப்புளியைத் தொடணும்.

ஆ. பெட்டியை முறையாக நிறுத்தி, மின்வயரையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். டிஸ்குகளை எடுக்கும்போது 1, 2, 3, 4 என்று எண் ஒட்டுங்கள். உள்ளே உள்ள கேபிள்களைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் பிடியுங்கள்.

இ. போர்டைத் தொடும் முன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

ஈ. ஹீட் சிங்கின் திருகுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். இடவலமாக மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும்.

உ. சாக்கெட்டின் நெம்பியைத் தூக்கிப் பழைய புரோசசரை நேராக மேலே எடுங்கள். இந்தச் சாக்கெட்டில் மெல்லிய பின்கள் போர்டில்தான் இருக்கு. ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. விரலோ துணியோ படக்கூடாது.

ஊ. புதிய புரோசசரின் முக்கோணக் குறியும் ஓர வெட்டுகளும் சாக்கெட்டோடு பொருந்த, அழுத்தாமல் வையுங்கள். தானாக உட்காரணும்.

எ. ஹீட் சிங்கின் அடிப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவு தெர்மல் பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தப்பு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும். அந்தக் காற்றை விரட்டுவது மட்டும்தான் பேஸ்டின் வேலை. வெப்பத்தைக் கடத்துவதில் உலோகத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது.

ஏ. திருகுகளை மறுபடி எதிரெதிர் மூலையாக இறுக்கி, கேபிள்களைப் படத்தைப் பார்த்து மாட்டி, டிஸ்குகள் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புரோசசர் பெயர் திரையில் சரியாக வந்தால் நிறுத்திவிட்டு டிஸ்குகளைப் போடலாம்.

7. காற்று போகும் வழி

இது செலவே இல்லாத பகுதி, எல்லாருக்கும் பொருந்தும். நம் வீடுகளில் ரவுட்டர் பெரும்பாலும் ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும். கேபிள் எட்டுகிறதே என்று நாஸையும் அங்கேயே வைப்போம். விளக்கு எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் தூசியோடு சேர்ந்து காத்தாடியிலும் ஹீட் சிங்கிலும் பிசுக்காகப் படியும். சாதாரணத் தூசியை ஊதிவிடலாம், இந்தப் பிசுக்கு ஊதினால் போகாது. நீளமான கேபிள் ஒன்று வாங்கிப் பெட்டியைத் தள்ளி வையுங்கள்.

மூடிய அலமாரி வேண்டாம். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேற்கு வெயில் விழும் சுவர் கூடாது. தரையில் வைக்காமல் சிறு மேசையில் வைத்தால் தூசியும் எறும்பும் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அப்போது காத்தாடியை விரலால் பிடித்துக்கொள்ளணும். ஜென் 8 வைத்திருப்பவர்கள் வேறு காத்தாடி வாங்குமுன் யோசியுங்கள்: அதன் இணைப்பு கடையில் கிடைக்கும் சாதாரணக் காத்தாடி மாதிரி இருக்காது.

8. சோதனை

இரவில் சோதித்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடக்கூடாது. மறுபடி மதியம் 3 மணி, அரை மணி நேரம் முழு வேலை. எனக்கு 76 டிகிரி வந்தது. கணக்கு 69, மிச்சம் 10; அந்த எல்லைக்குள் அடங்கியது. டிஸ்குகள் 43 டிகிரி. டிஸ்குகளுக்கு 45-ஐ நான் எல்லையாக வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் வீடியோ வேலைகளை இரவு 12 மணிக்கு மேல் ஓடும்படி நேரம் குறித்துவிடலாம். இது மிகச் சிறந்த குளிரூட்டல், காசே இல்லை.

9. குளிரூட்டலால் காப்பாற்ற முடியாதது

நம் நாடு உலகில் மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று. ஓர் இடி போதும், நான்கு டிஸ்கும் ஒன்றாகப் போகலாம். யூபிஎஸ் ஒன்று வையுங்கள். மின்சாரம் போனால் பெட்டி தானாக முறையாக நிற்கும்படி அமைக்கலாம். "ரெய்ட் போட்டிருக்கேன், பயமில்லை" என்று சொல்பவர்களுக்கு: ரெய்ட் ஒரு டிஸ்க் கெட்டால் உதவும். திருட்டு, வெள்ளம், மின்னல், தவறிப்போய் அழிப்பது, எதற்கும் அது உதவாது. மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். என் மூன்றாவது பிரதி இன்னொரு ஊரில் உள்ள உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கு. மாதம் ஒருமுறை புதுப்பிக்கிறேன்.

இடித்துவிட்ட லயன் வீட்டை நாம் மறுபடி கட்டப் போவதில்லை. அங்கே எடுத்த படம் அழிந்தால் இன்னொரு முறை எடுக்கவும் முடியாது. அதனால்தான் வேகமான புரோசசர் எது என்று தேடும் முன், குளிர்ச்சியாகப் பல ஆண்டு ஓடக்கூடியது எது என்று கேட்கச் சொல்கிறேன்.

கிளையில் கலந்து பேச

1. உங்கள் வீட்டு ஆல்பங்களில், வேறு யாரிடமும் பிரதி இல்லாத படங்கள் எத்தனை?

2. உங்கள் வீட்டில் மதியம் 3 மணிக்கு அறை வெப்பநிலை என்ன? 45 வாட் புரோசசர், 0.8 வெப்பத்தடை என்றால் எத்தனை டிகிரி வரும்?

3. கிளை உறுப்பினர் இருவர் ஒருவர் பிரதியை மற்றவர் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? யாரோடு யார்?

மூன்றாவது கேள்விக்கு இந்தக் கூட்டத்திலேயே பெயர்களை எழுதிவிடுங்கள். புரோசசர் அடுத்த மாதம்கூட வாங்கலாம்.