விடியாத ஊரும் நான்கு நாள் ஷூட்டிங்கும்

2024 கேன் விழாவில், மாணவர் படங்களுக்கான லா சினெஃப் பிரிவின் முதல் பரிசு ஒரு கன்னடக் குறும்படத்துக்குப் போனது. இயக்கியவர் புனே திரைப்படக் கல்லூரியில் தொலைக்காட்சிப் பிரிவில் படித்த சிதானந்த நாயக். கதை கர்நாடக நாட்டுப்புறக் கதை ஒன்றிலிருந்து வந்தது: ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள், அதோடு பொழுதே விடியவில்லை. நீளம் 16 நிமிடம். நான்கே நாளில் எடுத்தார்கள்.

விடியாத ஊர் என்று கதை சொல்லிவிட்டதால் படம் முழுக்க இரவு. காலையில் எடுத்த ஷாட்டும் மதியம் எடுத்ததும் ஒட்டவில்லையே என்ற தலைவலி கிடையாது. விளக்கு எங்கே விழுகிறதோ அவ்வளவுதான் ஊர். மின்கம்பமும் செல்போன் டவரும் இருட்டோடு போய்விடும். ஆனால் லைட்டிங் தெரிந்த கேமராமேன் கையில் இல்லையென்றால் இதே முடிவு உங்கள் கழுத்தை அறுக்கும். அவர்களுக்கு ஆள் இருந்தது: இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி என்று பிரிவுக்கு ஒரு மாணவர் சேர்ந்து செய்த ஆண்டிறுதிப் பயிற்சிப் படம் அது.

ஆகவே உங்கள் குறும்படத்தின் கதையை முடிவு செய்யுமுன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யார் வீடு கிடைக்கும், யார் நன்றாக நடிப்பார், எத்தனை நாள் கேமரா தருவார்கள். எட்டு லொகேஷன் கேட்கும் ஸ்கிரிப்ட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். கடைசி நிமிட ‘ட்விஸ்ட்’ மட்டுமே கதையாக இருந்தால், தயவுசெய்து, அதையும்.

அடுத்தது வசனம். ஒரு காட்சி: மகள் வேலையை விட்டுவிட்டாள், அம்மாவுக்குத் தெரியாது. பேசவைத்தால் இரண்டு பக்கம் ஓடும். அம்மா டிபன் பாக்ஸை மூடப்போகிறாள். “இன்னிக்கு வேணாம்மா.” மூடியின் மேல் கை நிற்கிறது. அம்மாவின் முகத்தைக் காட்டாதீர்கள், கை போதும். நடிப்புப் பழக்கமில்லாத அத்தையைக்கூட இந்த ஷாட்டில் தைரியமாக நிறுத்தலாம்.

படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்குள் எடுக்கும்போது ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அதைத் திரும்பப் போட மறக்க முடியாது. ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். பேக்-அப்புக்கு முன் எல்லோரையும் வாய்மூடி நிற்கவைத்து ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அறையின் வெறும் ஒலியை, எடுங்கள். எடிட்டிங் மேஜையில் வெட்டு தெரியாமல் ஒட்ட உதவும். சினிமாப் பாட்டு வேண்டாம். விழாக்களில் உரிமை கேட்பார்கள்.

வேலை கிடைக்கக் குறும்படம் உதவுமா? பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படம் 2012இல் அதே பெயரில் முழுநீளப் படமானது. ‘நாளைய இயக்குநர்’ டிவி நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துத்தான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் வெளியே தெரிந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது. எடிட்டராகவோ கேமராமேனாகவோ போக நினைப்பவர், தன் வேலை தெரியும் இரண்டு நிமிடத்தைத் தனியே வெட்டி வைத்துக்கொள்ளட்டும். உதவியாளர் தேடுபவர் பெரும்பாலும் அவ்வளவுதான் பார்ப்பார். யூடியூபில் ஏற்ற மட்டும் அவசரம் வேண்டாம். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை.