காலிக் கட்டத்தைப் பார்த்து ஆளை எடைபோடாதே

நாடுகாணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. வேலைக்கு மும்பைக் கம்பெனியா, கிராம வங்கியா என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை என்று அம்மா சொன்னாள். முடிவு உன்னுடையதுதான், யாரும் வற்புறுத்தப் போவதில்லை. கடன் கேட்பவர் முகத்தையே பார்க்காமல், திரையில் வரும் மதிப்பெண்ணைக் கொண்டு ‘தரலாம்’, ‘தரக்கூடாது’ என்று சொல்லும் நாற்காலியில் இந்த வயதிலேயே உட்கார்ந்துவிடுவாயோ என்பதுதான் மும்பையைப் பற்றி என் கவலை. காப்பீடோ, கடனோ, இந்தத் தொழிலின் உயிர் ஆபத்தைச் சரியாக அளப்பதில் இருக்கிறது. கையில் காகிதம் இல்லை என்பதையே ஆபத்தாக எடுத்துக்கொண்டால் அங்கே அளப்பது என்று எதுவும் நடக்கவில்லை.

செக்‌ஷன் 17 பற்றி நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் மாட்டிய நிலத்தில் தலைமுறையாகத் தேயிலை வைத்திருக்கும் பலருக்கு இன்னும் பட்டா இல்லை. வங்கிப் படிவத்தில் அந்தக் கட்டம் காலி. காலியைக் கண்டதும் ஃபைலை மூடிவிடுகிறார்கள். அதே ஆள் மாதாமாதம் எத்தனை கிலோ கொழுந்து போட்டார், என்ன விலை வாங்கினார், முன்பணத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பது ஃபேக்டரியிலோ இலை ஏஜெண்டிடமோ உள்ள நோட்டில் வரிவரியாக இருக்கிறது. விலை விழுந்த வருடத்தை அவர் எப்படித் தாண்டினார் என்பதையும் அதிலேயே படிக்கலாம். திருப்பிக் கட்டும் சக்தியைப் பட்டாவைவிட அந்த நோட்டு தெளிவாகச் சொல்லும். 300 முதல் 900 வரை போகும் சிபில் மதிப்பெண்ணும் முன்பு கடன் வாங்கியவரைப் பற்றித்தான் பேசும். வாங்காதவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவரைக் கெட்டவர் என்று படிப்பது பெரிய தவறு.

‘டெபாசிட் போட்டவர்கள் பணத்தை இரக்கப்பட்டுக் கொடுக்க முடியுமா?’ என்று கேட்பாய். கூடாதுதான். 2010-இல் ஆந்திராவில் ஒரே பெண்ணுக்குப் பல மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனிகள் போட்டி போட்டுக் கடன் கொடுத்து, கடைசியில் அரசு அவசரச் சட்டம் போட, வசூலே நின்றுபோனது. இங்கே அளக்காமல் ‘இல்லை’ என்கிறார்கள். அங்கே அளக்காமல் ‘சரி’ என்றார்கள். ஏழைகளை வைத்துக் காப்பீடு கட்டுப்படியாகுமா என்றால், நம் கூடலூரையே பார். 1992-இல் அக்கார்டு அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழியாக ஆதிவாசிகளுக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுத்தன. வைத்தியத்துக்கு அஸ்வினி அமைப்பின் மருத்துவமனை இருந்தது. நோயாளி மட்டும் சேர்ந்தால் எந்தக் காப்பீடும் கவிழும். ஆட்களை அறிந்த சங்கம் வழியாகச் சேரும்போது திடமாக இருப்பவர்களும் உள்ளே வருவார்கள். ‘இனி எல்லாம் கம்ப்யூட்டர்தானே மாமா’ என்பாய். கணக்குப் போட அது போதும். ஆனால் 2024 ஜூலை 30 அன்று சூரல்மலையிலும் முண்டக்கையிலும் நிலச்சரிவில் ஒரே இரவில் ஊரே போனது. தனி வீட்டுக்கு வரும் கஷ்டம் வேறு, மலையே சரியும் ஆபத்து வேறு. எந்தச் சரிவில் வீடு, எந்த ஓடையை மண் போட்டு அடைத்திருக்கிறார்கள் என்பதை நடந்து போய்ப் பார்த்தவர்தான் கம்ப்யூட்டருக்குச் சரியான கேள்வி கொடுக்க முடியும்.

அதனால் முதல் இரண்டு வருடம் கிராம வங்கிக் கிளையில் இரு, ஊருக்குள் போ, மனுவோடு வருபவரிடம் பேசு. ஆக்சுவரி நுழைவுத் தேர்வையும், இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் லைசென்ஷியேட், அசோசியேட் தேர்வுகளையும் வேலையில் இருந்தபடியே எழுதலாம். மும்பை எங்கும் போய்விடாது.

இவ்வளவு எழுதியதால் மாமாவுக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே, கண்ணு. நம் குடும்பத்தில் கணக்கில் உன்னை மிஞ்ச ஆளே இல்லை. நீ மும்பைக்கே போனாலும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவேன். தேர்வுக் கட்டணத்துக்கு அப்பாவிடம் கேட்க வேண்டாம், நான் கட்டுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண்விழித்துப் படிக்காதே. லீவு கிடைத்தால் அத்தையைப் பார்க்க வா.

என்றும் உன் நலம் விரும்பும்,
மாமா